ஒரு புறா இரண்டாகத் தெரிந்த நாள்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்போது நாங்கள் திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். மொட்டை மாடி முழுக்க எங்களுக்குத்தான். எங்களுக்கு என்றா சொன்னேன்? என் கணவரின் புறாக்களுக்கு. வாடகை கொடுத்தது நாங்கள், ராஜ வாழ்க்கை வாழ்ந்தது அவை.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் புறா வளர்ப்பது அழகுக்காக இல்லை, பந்தயத்துக்காக. கூடையில் வைத்து ரயிலில் ஏற்றி, கூடூர், ஓங்கோல் என்று ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து அது தானாகவே வழி கண்டுபிடித்து அதன் வீட்டு மாடிக்கு வந்து சேர வேண்டும். எந்தப் புறா சீக்கிரம் வருகிறதோ அதன் சொந்தக்காரர் ஒரு மாதத்துக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரியலாம். அவ்வளவு தூரம் போன புறாவுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டேன். "அதுக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. எனக்கோ எதற்கும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருக்க வேண்டும். அது என் சுபாவம்.

அவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் டிரேசர். என்ஜினீயர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் கண்ணாடி போன்ற தாளை விரித்து, கறுப்பு இந்தியன் இங்க்கால் நகல் எடுக்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்து கோடு போடுவேன். அவர் நேரம் கிடைத்தபோதெல்லாம் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். குடும்பம் அப்படித்தான் ஓடியது.

நடுவில் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. என்னுடையது ஒன்று பொருந்தும் என்றார்கள், கொடுத்தேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதன் பிறகு எங்களுக்குள் சண்டை வந்தால் ஒரு வசதி இருந்தது. "என்னுது உன்கிட்ட கீது, ஞாபகம் வெச்சிக்கோ" என்பேன். மனிதர் வாயை மூடிக்கொள்வார்.

ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையில் நிறையக் கேள்வி கேட்டார்கள். அதில் ஒன்று, வீட்டில் நாய், பூனை வளர்க்கிறீர்களா என்பது. இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். கோழி? அதுவும் இல்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். நாய் பூனை வளர்ப்புப் பிராணி, கோழி குழம்புக்கு, புறா பந்தயம். பந்தயத்தைப் பற்றி டாக்டர் கேட்கவே இல்லையே!

வெளியே போனால் முகமூடி கட்டிக்கொள்ள வேண்டும், தூசி ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம்தான் தெரியுமே, ஒரு பக்கம் லாரிப் புழுதி, ஒரு பக்கம் ஆலைப் புகை. தெருவில் இறங்கினால் மனிதர் மறக்காமல் முகமூடி கட்டுவார். வீட்டுக்கு வந்து மாடி ஏறியதும் கழற்றிவிட்டு, புறாக்கூண்டுக்குள் தலையை நீட்டியபடி, "இங்கதான்யா நல்ல காத்து, கடல் காத்து" என்று மூச்சை ஆழமாக இழுப்பார். நானும் கீழிருந்து அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. லேசான காய்ச்சல் வரும், போகும். வெயிலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்று திட்டினேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். ஆவி பிடித்தார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று யாரோ சொல்ல, ராயபுரத்தில் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தார். வலி குறையவில்லை. சாப்பாடு குறைந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எப்போதும் வானத்தைப் பார்க்கிற மனிதர் வெளிச்சத்துக்கு முகம் சுளிக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்கு மிகவும் பிடித்த பெட்டைப் புறா ஒன்று உண்டு. சாம்பல் நிற உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட இறக்கை. அதை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து எண்ணூர் முகத்துவாரத்தில் விடச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரே கூச்சல். என்னமோ ஏதோ என்று ஓடினேன்.

"ஒண்ணுதான வுடச் சொன்னேன்? ரெண்டு வருது பாரு! எவன் புறாவையோ இஸ்துகினு வருது என் தங்கம்!"

வேறொருவருடைய புறா வழிதவறி நம் புறாவோடு சேர்ந்து வந்து இறங்கினால் புறாக்காரர்களுக்கு அது திருவிழா. தானியத்தை அள்ளி வீசினார், சீழ்க்கை அடித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரே ஒரு புறாதான் இருந்தது. அது வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. அவர் பூனை மாதிரி நடந்து போய், அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பிடித்தார். கை காற்றில் மூடியது.

நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். அவரோ பயப்படவில்லை. ஒரு கண்ணை மூடினார், திறந்தார். மறு கண்ணை மூடினார். "இத்தப் பாரேன்! ஒரு கண்ணுல பாத்தா ஒண்ணு, ரெண்டு கண்ணுல பாத்தா ரெண்டு" என்று என்னிடம் வேடிக்கை காட்டினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்தார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே ஆபரேஷன் சமயத்தில் எங்களைப் பார்த்த அதே பெண் டாக்டர்தான் இருந்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், பெரிதாக எதுவும் தெரியவில்லை. முதுகுத்தண்டிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதை நர்ஸ் என் கையில் கொடுத்து பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கச் சொன்னார்.

கூடத்தின் ஜன்னலில் இருந்த பெண்ணிடம் குப்பியைக் கொடுத்தேன். உள்ளே மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு இந்தியன் இங்க் பாட்டில். என் மேசையில் நான் தினமும் திறந்து மூடுகிற அதே சின்ன பாட்டில், மூடியோரத்தில் அதே காய்ந்த கறுப்பு.

"இந்த இங்க் இங்க எதுக்குங்க?" என்றேன். கணவர் உள்ளே கிடக்கிறார், இவளுக்கு இங்க் கவலை என்று அந்தப் பெண் நினைத்திருக்கலாம். நான் டிரேசர் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "உங்க வேலைக்கும் எங்க வேலைக்கும் இதுதான் சம்பந்தம். கொஞ்சம் இருங்க" என்றார். குப்பியைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்தார். அடியில் தங்கியதில் ஒரு சொட்டு, இங்க் ஒரு சொட்டு. கண்ணாடித் துண்டால் மூடிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கெஞ்சினேன் என்றே சொல்லலாம். காட்டக் கூடாதுதான், ஆனாலும் என் நச்சரிப்பு தாங்காமல் உள்ளே கூப்பிட்டு ஒரு கண்ணால் பார்க்க விட்டார். மையிருட்டு. அதற்குள் அங்கங்கே வட்ட வட்டமாக வெளிச்சம், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன உருண்டை. அது பூஞ்சை என்றார். ஊறுகாயிலும் மழைக்காலத்தில் தோல் செருப்பிலும் பூக்குமே, அந்தச் சாதி. அதைச் சுற்றி வழவழவென்று தடித்த உறை இருக்குமாம். அந்த உறை இங்க்கை உள்ளே விடாதாம். அதனால் சுற்றியிருக்கும் எல்லாம் கறுத்துப் போக, அது மட்டும் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

அத்தனை வருடமாக அந்த இங்க்கால் நான் வேண்டிய கோட்டைக் கறுப்பாக்கியிருக்கிறேன். வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கறுப்பாக்கி ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நிமிடம் பயம்கூட மறந்து ஆச்சரியமாக இருந்தது. வெளியே வந்த பிறகுதான் அது என் வீட்டுக்காரரின் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் என்பது உறைத்தது. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வி: "உங்க வீட்டுப் பக்கம் புறா இருக்கா?"

கண்ணை மூடிக் கிடந்த மனிதர் சட்டென்று விழித்தார். "உங்களுக்கு எப்டி டாக்டர் தெரியும்? நீங்களும் வளக்குறீங்களா?"

அந்த நிலையிலும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னை வெளியே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். காய்ந்து தூளான புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை இருக்குமாம், தூசியோடு மூச்சில் போகுமாம். "உங்களுக்கும் போயிருக்கும், எனக்கும் போயிருக்கும். நம்ம உடம்பு பாத்துக்கும். உங்க கிட்னியை வெளியாள்னு விரட்டிடக் கூடாதுன்னு அவருக்கு எதிர்ப்புச் சக்தியை நாங்களே மாத்திரை கொடுத்துக் குறைச்சு வச்சிருக்கோம். அதான் நுரையீரலோட நிக்காம தலைக்குப் போயிடுச்சு" என்றார். எங்கள் புறாவிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, புறா இல்லாத இடம் இந்த ஊரில் எது என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. இந்தப் பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையையும் குறைத்தாக வேண்டும். குறைத்தால் சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் போகலாம். மருந்து கொடுக்காவிட்டால் ஆளே இல்லை. நான் கொடுத்த சிறுநீரகமா, அதை வாங்கிக்கொண்ட மனிதரா என்று யாரோ என்னிடம் கேட்பது போல இருந்தது. "கொடுங்க டாக்டர்" என்றேன். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மஞ்சள் நிற மருந்து அது. முதலில் உப்பு நீர் பாட்டில் ஏற்றுவார்கள், சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பாம். அப்புறம் குளுக்கோஸில் கலந்த மஞ்சள் மருந்து மணிக்கணக்காகச் சொட்டும். வெளிச்சம் படாமல் இருக்க பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள். நர்ஸ் ஏதோ பழைய காகிதத்தைச் சுற்ற வந்தபோது நான் ஆபீசிலிருந்து நல்ல கறுப்புத் தாள் கொண்டுவந்து அளவெடுத்து வெட்டி, சொட்டுவதைப் பார்க்க ஒரு கீறல் மட்டும் விட்டுக் கொடுத்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்றிருந்தது. மருந்து ஏறும்போது அவருக்குக் குளிர் தூக்கிப்போடும். கட்டிலே ஆடும். கம்பளியோடு நானும் அவரை அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

தலைக்குள் அழுத்தம் ஏறும்போதெல்லாம் மறுபடி முதுகில் ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். இறக்கிய கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் நான் முதலில் கேட்பது கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது அதுதான். ஏறிக்கொண்டே வந்தது. மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தார்கள், உப்பு நீரைக் கூட்டினார்கள். தாங்கு தாங்கு என்று என் உடம்பை விட்டுப் போன அந்த உறுப்போடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில், வீடு திரும்பினாலும் அவர் புறாக்கள் இருக்கும் மாடிக்குக் கீழே வாழக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சரி, புறாக்களைக் கொடுத்துவிடலாம் என்று நான் சுலபமாக முடிவு செய்தேன். காத்திவாக்கத்திலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அப்பாடா என்று மாலையில் வீட்டுக்கு வந்து படியேறினால், மேலே க்கும் க்கும் என்று சத்தம். எனக்கு முன்பே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வாங்கிக்கொண்டவர் கூண்டைத் திறந்து எட்டிப் பார்த்தாராம், அவ்வளவுதானாம்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. எங்கே விட்டாலும் வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகவே வளர்த்த புறாவை எவரிடம் கொடுத்து என்ன? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் ஆந்திராவுக்குக் கொண்டுபோனார். பல நாட்கள் அடைத்து வைத்து, பழகியிருக்கும் என்று நம்பி வெளியே விட்டாராம். திரும்பி வந்துவிட்டன. அந்தக் கறுப்புப் பட்டைப் பெட்டை ஒரு இறக்கை கிழிந்து, ரத்தம் காய்ந்து வந்து விழுந்தது. அதுவரை அவற்றைச் சனியன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று அதை மடியில் வைத்து மஞ்சள் தடவும்போது அழுதுவிட்டேன். கீழ்வீட்டு அம்மா வந்து, புறாவைச் சூப் வைத்துக் கொடுத்தால் அவர் நரம்புக்கு நல்லது என்றார். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அப்புறம் பல நாள் அந்த அம்மா என்னிடம் பேசவில்லை.

அப்போதுதான் பழைய ராயபுரத்துப் புறாக்காரர் ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒரு காலத்தில் மாமு, மாமு என்று உயிர் நட்பு. ஒரு பந்தயத்தில் யார் புறா முதலில் வந்தது என்று தகராறு. கடிகாரத்தைத் திருப்பி வைத்தான் என்று இவர் சொல்ல, எதிரும் புதிருமாகிவிட்டார்கள். ராயபுரத்தில் அவர் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டதால் மணலி புதுநகரில் கீழ்ப்பகுதி வீடொன்றில் இருந்தார். மாடிக்குப் போக வழியில்லாத வீடு. புறா வளர்ப்பதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வந்தவர் நேராக மாடிக்குப் போய் அந்தப் பெட்டையைக் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தார். "இன்னும் எங்கயும் அனுப்பாத தங்கச்சி. ஒவ்வொரு தபாவும் வர்ச்சொல்லோ ஒண்ணொண்ணா செத்துப்பூடும்" என்றார்.

"நான் இன்னாதான் செய்யறது?" என்று வெடித்தேன். "இதுங்களும் போவாது. அவரும் இங்க வரக் கூடாது."

அவர் பெட்டையை மெதுவாகக் கீழே விட்டார். பிறகு தன் புறாக்களைப் பற்றிச் சொன்னார். ராயபுரம் வீட்டை இடித்தபோது அவற்றைத் தூரத்தில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனால், எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. "வூடு கெடந்த எடத்துக்கு மேலயே சுத்திகினு கீதுங்க. எறங்க மாடி இல்ல. நான் கீழ நின்னு கூப்புடுறேன், எறங்க மாட்டேங்குது. அத்தப் பாத்த அப்பால நான் புறாவத் தொடல" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புறா வூடு மாறாது. மனுசன் மாறிக்கலாம். நீங்க என் வூட்டுக்குப் போயிடுங்க, நான் இங்க வந்துடுறேன்."



மறுநாள் மருத்துவமனையில் இதைச் சொன்னேன். படுத்திருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவன் கையில என் புறாவா? என்னா வெளையாடுறியா? டாக்டரே உறுதியாத் தெரியாதுன்னு சொன்னாங்க. நான் என் வூட்டுக்குத்தான் போவேன். மேல ஏற மாட்டேன், கீழயே இருந்துக்கறேன்."

மணிக்கணக்காகச் சொட்டிய மஞ்சள் மருந்து, கட்டில் ஆடிய குளிர், ஏறி ஏறி அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்த கிரியாட்டினின் எல்லாம் என் கண்முன் வந்தன. வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் கத்தினேன்.

"தாராளமாப் போ. ஆனா என்னுது உன் வயித்துல கீது. அத்த இங்க வெச்சிட்டுப் போ!"

பக்கத்துக் கட்டில்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், இரண்டாகத் தெரிந்தால் அப்படித்தான் பார்ப்பார். "ஒருத்தி கத்துனாலே தாங்காது. எனக்கு ரெண்டு பேரு கத்துறீங்க" என்றார். நான் சிரிக்க, அவரும் சிரிக்க, சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "வரச் சொல்லு அவன" என்றார் கடைசியில்.

அவர் வந்தார். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் புறாவுக்குச் சோளம் ஆகாது, எது மழைக்குப் பயப்படும், எது எந்த ஜோடியோடு மட்டும் சேரும் என்று ஒரு பிற்பகல் முழுக்க இவர் சொன்னார், அவர் கேட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதை நானும் சொன்னேன், கூண்டைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும், தூசி பறக்கவிடக் கூடாது என்று. கிளம்பும்போது அவர், "ஆனா மாமு, அன்னிக்கு என் புறாதான் மொதல்ல வந்துச்சி" என்றார். "போடா டபாய்க்காத" என்றார் இவர். மாமு என்ற வார்த்தையை அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களையும் சம்மதிக்க வைத்து வீடு மாறினோம். எங்கள் சாமான் ஏறிய வண்டியே அவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பியது. அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டார். சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கினாலும் தாங்கிவிட்டது. பார்வை மெதுவாக ஒன்றாகச் சேர்ந்தது. புறாக்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு நோயைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த பந்தயப் பருவத்தில் ஒரு காலை, வாசலில் நின்றவர் திடீரென்று அண்ணாந்தார். வடக்கேயிருந்து ஒரு சின்னக் கூட்டம் எங்கள் தெருவுக்கு மேலே வந்தது. கூடூரிலிருந்து திருவொற்றியூர் வரும் புறாக்களுக்கு மணலி புதுநகர் வழியில் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. முன்னால் பறந்ததைக் காட்டினார், கறுப்புப் பட்டை. இவர் ஒரு சீழ்க்கை அடித்திருந்தால் அது ஒருவேளை திரும்பிப் பார்த்திருக்கும், வழியில் தாமதித்திருக்கும். விரல் உதடு வரைக்கும் போனது. அப்படியே நின்றது. கையைக் கீழே இறக்கிவிட்டு, முகமூடியைச் சரிசெய்துகொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினார்.

"மாமு, தாண்டிச்சி! என் தலைக்கு மேலதான் போவுது, மாடிக்குப் போ!" என்று பூத்தே அதிரக் கத்தினார்.

பின்னாலேயே ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கையைப் பிடித்து, "எத்தினி தெரிஞ்சிது?" என்று மட்டும் கேட்டேன். "முன்னால வந்தது ஒண்ணுதான்யா, ஒண்ணேதான்" என்றார்.

புறா எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதற்கு இன்று வரை எனக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் யாருக்காவது சிறுநீரகம் மாற்றினார்கள், புற்றுநோய்க்கு ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நாய் பூனை வளர்க்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை, "உங்க வூட்டு மாடியில இன்னா கீது?" என்றுதான் கேட்கிறேன். அவர்கள் விழிக்கும்போது, சுற்றிலும் கறுத்துப் போய்த் தான் மட்டும் வெளுத்துத் தெரிந்த அந்தச் சின்ன வட்டங்களும், உதடு வரை போய்ச் சீழ்க்கை அடிக்காமல் இறங்கிய அவர் கையும் ஒன்றாக என் நினைவுக்கு வரும்.